பட்டியலில் இருநூற்றுப் பதினான்கு

இலவ மரம் பூவெடுத்ததும் அதன் அடித்தண்டில் முறுக்கிய வைக்கோல் பிரி ஒன்று கட்டப்பட்டுவிட்டால், அந்த வருடத்துக் காய் முழுவதும் விலை பேசியாகிவிட்டது என்று பொருள். தேவாரத்திலிருந்து கோம்பை வரையுள்ள மலையடிவாரத்தில் இதை யாரும் யாருக்கும் விளக்கியதில்லை. பிரியில் ஒரு முடிச்சு இருந்தால் மரத்துக்காரர் விலையை முழுதாக வாங்கிக்கொண்டார். இரண்டு என்றால் பாதி. மூன்று என்றால், அவர் என்றைக்குக் கேட்கிறாரோ அன்றைக்குக் கொடுக்க வேண்டும். பத்திரம் இல்லை, சாட்சி இல்லை. பிரி கட்டிய மரத்தை வேறு வியாபாரி அண்ணாந்து பார்ப்பதும் இல்லை. பிரியை அவிழ்க்கும் உரிமை மரத்துக்காரருக்கு எப்போதும் உண்டு. ஆனால் அவர் அவிழ்த்தால், அந்த வியாபாரியின் சொல்லில் தமக்கு நம்பிக்கை போய்விட்டது என்று ஊரறியச் சொன்னதாகும். அப்படி அவிழ்க்கப்பட்ட ஒருவர் மறுவருடம் அந்தப் பக்கம் வியாபாரம் செய்ததாக யாருக்கும் நினைவில்லை.

தேவாரத்துக் கஸ்தூரியம்மாளின் பிரிகளைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். வைக்கோலோடு பழைய சேலைக் கிழிசல் ஒன்றையும் சேர்த்து முறுக்கியிருப்பாள். கணவன் மலைக்காய்ச்சலில் இறந்தபோது அவளிடம் எட்டு மரத்துப் பிரிகளும் பத்து வயது மகன் வேலுச்சாமியும் இருந்தார்கள். பத்து வருடங்களில் எட்டு மரம் முந்நூறுக்கு மேல் ஆகியிருந்தது. வீட்டுக்குப் பின்னால் இருந்த களத்தில், ஒரு பெரிய இலவ மரத்தின் நிழலில், இருபது பெண்கள் காய்களை உடைத்து, பஞ்சைக் குச்சியால் அடித்து, விதை பிரித்தார்கள்.

அவள் கட்டியவற்றில் மூன்று முடிச்சுப் பிரிகளே அதிகம். அது அவளுக்குப் பண முடை என்பதால் அல்ல. மரத்துக்காரர்கள் தாமே கேட்டு வாங்கிய முடிச்சு அது. புஞ்சைக்காரர் கருத்தக்கண்ணனுக்கு ஆவணியில் மகள் கல்யாணம். அதுவரை பணம் தன் வீட்டில் தங்காது என்று அவருக்குத் தெரியும். களத்தில் பஞ்சடிக்கும் மொக்கம்மாளுக்குச் சொந்தமாக ஒரே ஒரு மரம். அதன் விலை தன் கணவன் கண்ணில் படக்கூடாது என்பது அவளுடைய ஏற்பாடு. இப்படி ஒவ்வொரு மூன்று முடிச்சுக்குள்ளும் ஒரு வீட்டின் அந்தரங்கம் இருந்தது. மொக்கம்மாள் களத்தில் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

"பொம்பளைக்கு ஒருத்தன் மூணு முடிச்சுப் போடுறதே பெரும்பாடு. எங்க அக்கா இருநூறு மரத்துக்குப் போட்டுட்டுத் தனியாளா நிக்கிது."

வாங்குவது இப்படி நடந்தது. விற்பது மட்டும் கஸ்தூரியம்மாளின் கையில் இல்லை. பொதிகள் மதுரைத் தரகரிடம் போயின. அவர் சொன்னதே விலை. ஜாவாப் பஞ்சு வந்து இறங்கியிருக்கிறது, விலை விழுந்துவிட்டது என்று அவர் சொன்னால், இறங்கியதா இல்லையா என்று பார்த்து வர அவளுக்கு வழியில்லை. வேலுச்சாமியைச் சென்னைக்கு வணிகப் பட்டப்படிப்புக்கு அனுப்பியதற்கு இது ஒன்றே காரணம். அனுப்பும்போது அவள் சொன்னதும் அவ்வளவுதான்: அங்கே இருப்பவர்கள் யார், என்ன விலைக்கு வாங்குகிறார்கள் என்று தெரிந்துகொண்டு வந்தால் போதும், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாக. வேலுச்சாமிக்கும் வேறு ஆசை இல்லை. விடுதியில் அவனுடைய நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 'கஸ்தூரியம்மாள் அன் சன், இலவம்பஞ்சு வியாபாரம்' என்று ஒரு பெயர்ப்பலகை வரையப்பட்டிருந்தது. எழுத்துக்குக் கீழே நிழல் கூடத் தீட்டியிருந்தான்.

கடைசி வருடத்தில், அது யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பத்திரண்டாம் வருடம், பேராசிரியர் ஒரு கட்டுரை கேட்டார். மாணவர் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ஒரு சிறு தொழிலை எடுத்து, அதன் முதல், உழைப்பு, கொள்முதல், நிர்வாகம் ஆகியவற்றை ஆராய்ந்து, குறைகளைச் சுட்ட வேண்டும். சிறந்த கட்டுரைக்குப் பரிசு உண்டு. வேலுச்சாமி இரண்டு இரவு உறங்காமல் தன் தாயைப் பற்றி இருபது பக்கம் ஆங்கிலத்தில் எழுதினான். கருத்தக்கண்ணனின் மகள், மொக்கம்மாளின் கணவன், சேலைக் கிழிசல் எல்லாம் அதில் இருந்தன.

கட்டுரை சிவப்பு மையோடு திரும்பி வந்தது. மூன்று முடிச்சுக்குக் காரணம் சொல்லும் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு. ஓரத்தில், 'உணர்ச்சி சான்றாகாது.' கடைசிப் பக்கத்தில், 'இது ஒரு மகன் எழுதிய கடிதம். ஆராய்ச்சி வேண்டும். எத்தனை மரம்? யாருடையது? எங்கே?'

பேராசிரியர் கெட்டவரல்ல. அவர் கேட்டவை நியாயமான கேள்விகள் என்றே வேலுச்சாமி நம்பினான், வெட்கமும் பட்டான். தசரா விடுமுறைக்கு ஊருக்கு வந்தவன், எல்லா மரத்தையும் தனக்குக் காட்டும்படி தாயைக் கேட்டான்.

கஸ்தூரியம்மாள் அன்றைக்கு அடைந்த மகிழ்ச்சியை மறைக்கத் தெரியாமல் தவித்தாள். மகன் தொழிலுக்குள் வருகிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். பன்னிரண்டு நாட்கள் இருவரும் அடிவாரம் முழுவதும் நடந்தார்கள். போன பருவத்துப் பிரிகள் வெயிலில் கறுத்து இன்னும் மரங்களில் இருந்தன. அவள் மரத்தைத் தொட்டு, மரத்துக்காரர் பெயரையும் முடிச்சையும் சொல்ல, அவன் எழுதினான். ஒவ்வொரு மரத்துக்கும் அவன் எண் கொடுத்தான். அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"ஏலே, மரத்துக்கு எதுக்கு நம்பரு? இது கருத்தக்கண்ணன் மேட்டு மரம், அது ஓடை மரம். மரத்துக்குத்தான் பேரு இருக்கே."

"அங்கன இருக்கவுகளுக்குப் பேரு புரியாது ஆத்தா. நம்பர்தான் புரியும்."

"சரி, போடு. நாளைக்கு நீ பாக்கப்போற யாவாரம்."

கடைசி நாள் மாலை களத்துக்குத் திரும்பியபோது, தலைக்கு மேலிருந்த சொந்த மரத்தையும் அவன் பட்டியலில் சேர்த்தான். விடுபடுதல் ஆராய்ச்சிக்கு அழகல்ல. எண் போட்டு வந்ததில் தவறி விடுபட்டிருந்த இருநூற்றுப் பதினான்கை அதற்குக் கொடுத்தான்.

சென்னை திரும்பிக் கட்டுரையைப் புதிதாக எழுதினான். இம்முறை 'என் தாய்' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. 'உரிமையாளர்' என்றே எழுதினான். கோடு போட்டிருந்த பக்கத்தை முழுதாக நீக்கினான். குறைகள் என்ற தலைப்பின் கீழ் இவ்வாறு வந்தது: 'உரிமையாளர் பயிரிடுவோரின் பணத்தைக் கொண்டே தொழிலை நடத்துகிறார். மூன்றில் இரண்டு பங்கு மரங்களுக்கு முன்பணம் ஏதும் தருவதில்லை. அப்பணத்துக்கு வட்டியும் இல்லை, எழுத்து மூலமான உறுதியும் இல்லை. வைக்கோல் கயிறு ஒன்றே ஆவணம். நீதிமன்றத்தில் அதற்கு மதிப்பில்லை.' தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. பத்தியாகச் சேர்ந்தபோது அது பொய். எழுதியவனுக்கு அப்போது அது தெரியவில்லை. நடை தெளிவாக இருக்கிறது என்ற நிறைவே இருந்தது. பின்னிணைப்பாக முந்நூற்றுப் பன்னிரண்டு மரங்களின் பட்டியல், எண், பெயர், இடம், முடிச்சு என நான்கு பத்திகளில்.

முதல் பரிசு கிடைத்தது. நடுவராக இருந்தவர் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியின் பங்குதாரர். ஜாவாவை ஜப்பான் பிடித்துக்கொண்ட பிறகு, கப்பல்காரர்களின் மிதவைச் சட்டைகளுக்கு இலவம்பஞ்சு எங்கே கிடைக்கும் என்று அவருடைய கம்பெனி தேடிக்கொண்டிருந்தது. அவர் வேலுச்சாமியின் கையைக் குலுக்கி, கட்டுரையின் ஒரு பிரதியைத் தாம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வேலுச்சாமி பெருமையோடு கொடுத்தான். அன்றே ஊருக்கு ஒரு கார்டும் போட்டான்: சென்னையில் வாங்குகிறவர் ஒருவர் அறிமுகமாகிவிட்டார், இனி மதுரைத் தரகர் தேவையில்லை.

பொங்கல் விடுமுறைக்கு வந்தான். மதுரைக்கு இப்பால் ரயில் தண்டவாளத்தை யுத்தத்துக்கென்று பெயர்த்துக்கொண்டு போய்விட்டதால், மதுரையிலிருந்து கரி பஸ்தான். உத்தமபாளையத்தில் கரி அள்ளிப் போட பஸ் நின்றபோது நத்தர்ஷா ராவுத்தர் ஏறினார். அவரும் பஞ்சு வியாபாரி. அவருடைய பிரி தென்னைநார். கஸ்தூரியம்மாளைத் தங்கச்சி என்று அழைப்பவர்.

"வாங்க மருமகனே. பரிசு வாங்குனீகளாமே. சந்தையில வாசிச்சாக."

வேலுச்சாமி ஒரு கணம் மகிழ்ந்துபோனான். தாய் யாரிடமோ கார்டைக் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்தான்.

"யாரு மாமா வாசிச்சது?"

"போடிக்காரன் அழகுமலை. மூட்ட நிறுத்துக்கிட்டுத் திரிஞ்சவன், இப்ப கம்பெனி ஏசண்டு. குடையெல்லாம் வச்சிருக்கான்." ராவுத்தர் சிரிக்கவில்லை. "நீ இங்கிலீசுல எழுதுனத அவுக தமிழாக்கிக் குடுத்திருக்காக. மூணு சந்தையில வாசிச்சான். ஊர்க்காசுல யாவாரம் பண்றா, ஒரு காயிதம் கெடையாது, கோர்ட்டுக்குப் போனா நிக்காதுன்னு."

"நான் அப்பிடி எழுதல மாமா."

"ஒன் பேரப் படிச்சுத்தான் முடிச்சான்."

பஸ் கிளம்பியது. மீதியை ராவுத்தர் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அழகுமலை மூன்று முடிச்சு மரத்துக்காரர்களிடம் வீடு வீடாகப் போகிறானாம். அவர்களுக்கு முன்பணமும் முத்திரைத்தாளும் நீட்டுகிறானாம். முதலில் யாரும் வாங்கவில்லை. மூன்றாம் சந்தைக்குப் பிறகு வாங்கத் தொடங்கினார்கள். பயம் ஒட்டிக்கொண்டு தம்முடைய மரங்களும் நாற்பது போய்விட்டதாகச் சொல்லி, அதை விடு என்பது போல் கையை அசைத்தார்.

வேலுச்சாமி வீட்டை அடைந்தபோது கருத்தக்கண்ணன் களத்தில் நின்றுகொண்டிருந்தார். அவனைக் கண்டதும் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். அந்த மரியாதை இதுவரை அவனுக்குக் கிடைத்ததில்லை.

"நான் நம்பாமக் கேக்கல அக்கா," என்று அவர் கஸ்தூரியம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "எங்களுக்கு என்ன தெரியும்? படிச்சவுக எழுதியிருக்காக. ஒங்க வீட்டுப் பிள்ளையே எழுதியிருக்காக. நமக்குத் தெரியாதது ஏதோ அவுகளுக்குத் தெரியப்போயித்தான எழுதியிருப்பாக?"

"கல்யாணம் ஆவணியிலதான கண்ணா?"

"ஆவணிதான். இருந்தாலும் போன வருசக் காய்க்காச இப்பவே குடுத்துருங்க."

கொடுப்பதாகச் சொல்லி அவரை அனுப்பினாள். அந்த வாரத்தில் அப்படி வந்தவர்களில் அவர் முப்பதாவது ஆள். பத்து வருடம் அவளுடைய சொல்லைக் கண்ணால் பார்த்துப் பழகியவர்கள், பார்த்ததை விட்டுவிட்டுப் படித்தவன் எழுத்தை நம்பினார்கள். அந்த எழுத்துக்கு அவ்வளவு மதிப்பு வரவேண்டும் என்று பாடுபட்டு அவனைப் படிக்க வைத்தவள் அவள்தான்.

அவர் போனதும் கஸ்தூரியம்மாள் மகனைச் சாப்பிடச் சொன்னாள். அவன் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்தில் நின்று பரிமாறினாள். பிறகு, எழுதியதைத் தனக்கு முழுதும் வாசித்துக் காட்டச் சொன்னாள். அவன் பெட்டியிலிருந்து கட்டுரையை எடுத்து, ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னான். அவள் நடுவில் ஒருமுறைதான் நிறுத்தினாள்; உரிமையாளர் என்றால் யார் என்று கேட்டாள். அவன் சொன்னான். குறைகள் வந்த இடத்தில் அவனுடைய குரல் தாழ்ந்தது. உரக்க வாசிக்கச் சொன்னாள்.

"அதுல பொய்யி ஒண்ணும் இல்ல ஆத்தா."

"பொய்யின்னு நான் சொல்லலியே. கருத்தக்கண்ணன் மக கல்யாணம் எங்க? மொக்கம்மா புருசன் எங்க?"

"மொதல்ல எழுதியிருந்தேன். புரபசரு அடிச்சுட்டாரு."

"அவரு மொக்கம்மாளக் கண்டாரா? அவரு அடிச்சாரு. நீ விட்டுட்ட."

அவன் ஏதோ விளக்கத் தொடங்கினான். ஆராய்ச்சி வேறு, வாழ்க்கை வேறு என்பது போல ஒன்று. தன் காதிலேயே அது நிற்காமல் பாதியில் நிறுத்தினான்.

"பரிசு என்ன குடுத்தாக?" என்று அவள் கேட்டாள்.

அவன் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினான். வியாபார நிர்வாகம் பற்றிய தடித்த ஆங்கிலப் புத்தகம். முதல் பக்கத்தில் அவன் பெயர். அவள் அதைக் கையில் வாங்கி, கனத்தைப் பார்த்து, திருப்பிக் கொடுத்தாள்.

"விடிஞ்சதும் கெளம்பணும். அவுக அவுக்கிறதுக்கு முந்தி நான் அவுத்துர்றேன்."

ஒரு வாரம், விடியல் முதல் இருட்டும் வரை நடந்து, அவர்கள் எல்லாப் பிரிகளையும் அவிழ்த்தார்கள். புதிதாகக் கட்டிய ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சுப் பிரிகளைக் கூட அவள் விடவில்லை. சிலவற்றை மட்டும் விட்டால், மற்றவர்கள் சொல்லித்தான் அவிழ்த்தாள் என்று ஆகிவிடும் என்றாள். அந்த மரங்களுக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பியும் கேட்கவில்லை. வேலுச்சாமி பட்டியலைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தான். அவளுக்குப் பட்டியல் தேவைப்படவில்லை. எண்களைச் சரிபார்த்துக்கொண்டே வந்தவன், ஒரு மரம் கூடப் பிழையாகக் குறிக்கப்படவில்லை என்பதைக் கண்டான். மொக்கம்மாள் தன் மரத்தடியில் வழி மறித்து நின்றாள். தன் பிரியை அவிழ்க்க வேண்டாம் என்று கையைப் பிடித்தாள். கஸ்தூரியம்மாள் அவளுடைய கையை விலக்கிவிட்டு அவிழ்த்தாள். எல்லாவற்றையும் கட்டித் தூக்கி வந்து, சேலைக் கிழிசல்களை உருவிவிட்டு, வண்டி மாடுகளுக்குப் போட்டாள். மறுநாள் மாடுகளையும் வண்டியையும் விற்றாள். மூன்று முடிச்சுக்காரர்கள் அனைவருக்கும் கொடுத்துத் தீர்க்க அது போதவில்லை. பின்புறத்துக் களத்தையும், அதிலிருந்த மரத்தோடு, கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தாள். அழகுமலை முத்திரைத்தாளை நீட்டினான். அவள் ரேகை வைத்தாள். அவள் கையால் எழுத்து மூலமாக நடந்த முதல் வியாபாரம் அதுதான்.

சித்திரையில் தேர்வு முடிந்தது. கம்பெனியிலிருந்து வேலுச்சாமிக்குக் கடிதம் வந்தது. தாயின் பழைய களத்தில் கட்டியிருந்த தேவாரம் பஞ்சுக் கிடங்குக்கு உதவி மேலாளர் வேலை. மூன்று நாள் அதைப் பெட்டிக்குள் வைத்திருந்து, நான்காம் நாள் ஒப்புக்கொண்டு எழுதினான். தான் உள்ளே இருந்தால் ஊருக்கு நல்லது செய்யலாம் என்ற வாக்கியம் அவனுக்குள் உருவாகியிருந்தது. தெளிவான வாக்கியங்களை உண்டாக்குவதில் அவனுக்குப் பயிற்சி இருந்தது.

ஊர் வந்து முத்திரைத்தாள்களைப் படித்துப் பார்த்தபோதுதான், அவை ஐந்து வருடத்துக்கு ஒரே விலையில் எழுதப்பட்டிருப்பது தெரிந்தது. சென்னையில் பஞ்சின் விலை அதற்குள் இரண்டு மடங்காகியிருந்தது. கருத்தக்கண்ணன் வந்து கேட்டார், ஆவணிக்குக் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்க முடியுமா என்று. முன்பணமும் கஸ்தூரியம்மாள் கொடுத்ததும் எப்போதோ செலவாகியிருந்தன. தாளில் அதற்கு இடமில்லை என்பதை வேலுச்சாமி அவருக்கு விளக்கினான். எழுத்தில் உள்ளது என்பதால் அவரும் எதிர்த்துப் பேசவில்லை.

களத்தில் அதே இருபது பெண்கள் கம்பெனிக் கூலிக்குப் பஞ்சடித்தார்கள். இருபத்தோராவதாகக் கஸ்தூரியம்மாள் உட்கார்ந்திருந்தாள். வேறிடம் போய் வேலை செய்யலாமே என்று மகன் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். அவள் அடுத்த பிடிப் பஞ்சை இழுத்து அடிக்கத் தொடங்கினாள். அந்த வாரத்திலிருந்து வீட்டிலும் அவனிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை.

கம்பெனிக்கு ஒப்பந்தமான மரங்களில் எல்லாம் எண் பொறித்த தகரத் தகடு அடிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. புதிதாக எண் போட வேண்டிய வேலை இல்லை. பட்டியலில் இருந்த எண்களே போதும். அழகுமலையின் ஆட்கள் ஒரு வாரம் சுத்தியலோடு அலைந்தார்கள். கருத்தக்கண்ணன் மேட்டு மரம் ஒன்றாம் எண் ஆயிற்று. ஓடை மரம் நாற்பத்தேழு. கடைசியில் ஒரே ஒரு தகடு மிஞ்சியது. அழகுமலை அதையும் ஆணி, சுத்தியலையும் எடுத்துக்கொண்டு, நண்பகல் வெயிலில் குடையோடு களத்துக்கு வந்தான்.

"இருநூத்திப் பதினாலு யாரு மரம்? பேருக்குப் பதிலா உரிமையாளர்னு மட்டும் போட்டிருக்கு. சொந்த நிலம்னு போட்டிருக்கு. யாரு நிலம்? நாலு ஊரு கேட்டாச்சு, ஒருத்தருக்கும் தெரியல."

பெண்கள் அடிப்பதை நிறுத்தினார்கள். மொக்கம்மாள் அண்ணாந்து களத்து மரத்தைப் பார்த்தாள். பிறகு கஸ்தூரியம்மாளைப் பார்த்தாள். கிடங்கு வாசலில் நின்றிருந்த வேலுச்சாமியும் அதைக் கேட்டான்.

கஸ்தூரியம்மாள் தலை நிமிரவில்லை. குச்சியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, முகத்தில் ஒட்டியிருந்த பஞ்சைத் துடைத்துக்கொண்டாள்.

"அது எங்க வீட்டு ஐயா போட்ட நம்பரு. அந்தா நிக்கிறாக. அவுகளக் கேளுங்க."

அழகுமலை திரும்பினான். வேலுச்சாமி வாசலிலிருந்து இறங்கி வந்தான். அழகுமலையின் கையிலிருந்த தகட்டையும் சுத்தியலையும் வாங்கிக்கொண்டு, பெண்களின் நடுவே வழி விடச் செய்து, மரத்தடிக்குப் போனான். தகட்டை நேராக வைத்து ஆணியைப் பொருத்தினான்.

பட்டைத் தூள் விழாதிருக்க, கஸ்தூரியம்மாள் தன் முன்னாலிருந்த பஞ்சுக் குவியலை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டாள்.